வரிசை தப்பாத பதில்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கையும் அப்படித்தான். அடுத்த வீட்டில் ஒரு கஷ்டம் என்று காதில் விழுந்தால் போதும், கேட்காமலே உள்ளே நுழைந்து, அடுப்பைப் பற்றவைத்து, பிள்ளைக்குத் தலை சீவிவிட்டு, அந்த வீட்டுக்காரிக்கு நாலு புத்தியும் சொல்லிவிட்டுத்தான் திரும்புவேன். ஊரில் என்னை நல்லவள் என்றார்கள். நானும் நம்பினேன்.

இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். மண்டையில் அடிபட்டோ, மூளைக்காய்ச்சல் கண்டோ பேச்சும் குணமும் மாறிப்போன பிள்ளைகள் இருக்கிற வீடுகளுக்கு இத்தனை வருஷத்தில் என்னைப் பலமுறை கூப்பிட்டிருக்கிறார்கள். போனதும் நான் செய்கிற முதல் வேலை, பிள்ளையின் தாய் சாப்பிட்டாளா என்று விசாரிப்பது. இரண்டாவது வேலை, வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருவது. டீச்சரம்மா வந்து ஒன்றுமே சொல்லவில்லையே என்று சில வீடுகளில் முகம் சுண்டிப்போகும். போகட்டும். நான் சொல்லிக் கெடுத்தது போதும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரம் பிறந்து ஏழெட்டு வருஷம் ஆகியிருக்கும், எனக்கு அப்போது இருபத்தாறு வயது. பாளையங்கோட்டைக்குக் கிழக்கே, ஆற்றோரத்தில், வாழையும் நெல்லுமான ஒரு சிற்றூரில் பெண்பிள்ளைகளுக்கென்று மிஷன் நடத்திய சின்ன போர்டிங் ஒன்று இருந்தது. நாற்பது பிள்ளைகள். பாடம் சொல்ல நானும் இன்னொரு வயதான டீச்சரும். சமையலுக்கு ஒரு அக்கா. எங்களுக்கு மேலே, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு எல்லாவற்றையும் நிர்வாகம் செய்த வெள்ளைக்காரப் பெரிய மிசியம்மா. அவர் வருஷத்துக்கு ஒருமுறை, கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு முன்னால் வந்து, ஒவ்வொரு பிள்ளையையும் எழுப்பி நிறுத்தி, வேதபாடத்தைக் கேள்வியும் பதிலுமாகச் சொல்கிற ஞானோபதேச வினாவிடையில் பரீட்சை வைப்பார். அந்த ஒரு நாளுக்காக வருஷம் முழுக்க நாங்கள் நடுங்கிக்கொண்டிருப்போம்.

சமையற்கார அக்கா உடன்குடிப் பக்கத்துக்காரி. முப்பது வயதிருக்கும். புருஷன் பேதியில் போனபிறகு, கைக்குழந்தையோடு வந்து வேலையில் சேர்ந்தவள். அந்தக் குழந்தை வளர்ந்து எட்டு வயதாகி என் வகுப்பில் படித்தது. வாயென்றால் அப்படியொரு வாய். நோவா பேழையில் எல்லா உயிரையும் ஏற்றின கதையை நான் சொல்லி முடிக்கவில்லை, எழுந்து நின்று கேட்டாள், "கரையானையும் ஏத்தினாரா டீச்சர்? அது பேழைய அரிச்சிருக்குமே?" வகுப்பே சிரித்தது. பதில் தெரியாத எல்லா வாத்தியார்களையும் போல, உட்காரு என்று அதட்டினேன்.

ஆடி மாதம் ஒரு சனிக்கிழமை, அரிசி மூட்டை ஏற்றிய வண்டி போர்டிங் வாசலுக்கு வந்தது. மூட்டைகளை இறக்குவதற்கு முன்னாலேயே வண்டிக்காரர் மாட்டை அவிழ்த்துவிட்டார். பின்பாரத்தில் வண்டி பின்னால் சாய, நுகத்தடி விசையோடு மேலே எழும்பியது. மாட்டுக்குப் பழத்தோல் கொடுக்கக் குனிந்திருந்த பிள்ளையின் இடது பக்கத் தலையில் அது அடித்தது. பெரிதாக ரத்தம்கூட வரவில்லை. எழுந்து நாலு எட்டு நடந்தாள். வாந்தி எடுத்தாள். பிறகு விழுந்தவள்தான்.

டாக்டர் வந்து பார்த்தார். மண்டைக்கு உள்ளே அடிபட்டிருக்கிறது, காத்திருப்பதைத் தவிர வேறு வைத்தியம் இல்லை என்று சொல்லிவிட்டுப் போனார். ஒன்பது நாள் கண் திறக்கவில்லை. போர்டிங்கின் பின்னறையில் பாயில் கிடத்தியிருந்தோம். பஞ்சை நனைத்து உதட்டில் பிழிவதும், மூச்சு வருகிறதா என்று மூக்கில் கை வைத்துப் பார்ப்பதுமாக அந்த நாட்கள் போயின. அக்கா உலையை ஏற்றிவிட்டு ஓடி வருவாள், பிள்ளையின் நெஞ்சில் கை வைத்துப் பார்ப்பாள், மறுபடி ஓடுவாள். நாற்பது பிள்ளைகளுக்குப் பசிக்குமே. இரண்டாம் நாள் அவள் கையிலிருந்த அகப்பையை நான் பிடுங்கிக்கொண்டேன். மிச்ச நாளெல்லாம் நான்தான் சமைத்தேன். சோறு ஒருநாள் அடிப்பிடித்தது, ஒருநாள் குழைந்தது, பிள்ளைகள் முகம் சுளித்துக்கொண்டே தின்றார்கள். அந்தக் குடும்பத்துக்கு நான் செய்த உருப்படியான உதவி அது ஒன்றுதான் என்று இப்போது தோன்றுகிறது.

ஊரே வந்து பார்த்தது. ஒருத்தி கண்ணேறு என்றாள். ஒருத்தி, செத்துப்போன தகப்பன் பிள்ளையைக் கூப்பிடுகிறான் என்று தாயின் காதுபடவே சொன்னாள். கோயில் தவறாமல் போகிற ஒரு கிறிஸ்தவ அம்மாள், முந்தானைக்குள் மறைத்து ஒரு மந்திரித்த கயிறு கொண்டுவந்தாள். ஊர்ச் சபையை நடத்திவந்த உபதேசியார் தினமும் வந்து ஜெபம் செய்தார். மூன்று வாரம் இப்படி. அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. வழியில் அக்காவைப் பார்த்தால்கூட அடுத்த தெருவில் திரும்பிவிடுவார்கள், என்ன பேசுவது என்று தெரியாமல்.

பத்தாம் நாள் கண் திறந்தாள். வலது கை தொங்கியது. வாய் ஒரு பக்கம் லேசாக இழுத்துக்கொண்டது. அம்மாவைத் தெரிந்தது, என்னைத் தெரிந்தது, ஆனால் ஒரு வார்த்தை வரவில்லை. வாயைத் திறப்பாள், தொண்டை அசையும், பிறகு கண்ணில் நீர் வழியும். கரையானைப் பற்றிக் கேட்ட பிள்ளை அது.

ஒரு மாதம் இப்படிப் போனது. அதன்பின் ஒரு சாயங்காலம், ஜெபவேளையில் பிள்ளைகள் எல்லோரும் சேர்ந்து கர்த்தருடைய ஜெபத்தைச் சொன்னபோது, அக்காவின் மடியில் சாய்ந்திருந்த அவளும் கூடவே சொன்னாள். குழறல் இருந்தது. ஆனால் தொடக்கம் முதல் ஆமென் வரை முழுதும் சொன்னாள். பிள்ளைகள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள், கடைசியில் அவள் குரல் மட்டும்தான் கேட்டது. நான் வாய்விட்டு அழுதேன். உபதேசியாருக்கு ஆள் அனுப்பினோம். அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை, கோயிலில் ஸ்தோத்திரம் செலுத்தினோம், பிள்ளை பிழைத்தது, பேச்சும் வந்துவிட்டது என்று. மறுநாள் காலையில் நான் அவள் முன்னால் உட்கார்ந்து, என்ன வேண்டும், தண்ணீரா, கஞ்சியா என்று கேட்டேன். அவள் என்னைப் பார்த்தாள், பாடுபட்டு வாயைத் திறந்தாள், அந்த ஜெபத்தின் முதல் வார்த்தையைச் சொன்னாள். மறுபடி கேட்டேன். மறுபடியும் அதே.

மனப்பாடம் செய்ததும் பாடுவதும் ஒரு வழியாகவும், நாமாக நினைத்துப் பேசுவது வேறு வழியாகவும் வருகிறது, ஒரு வழி அடைபட்டால் இன்னொன்று திறந்திருக்கலாம் என்று பல வருஷம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்றைக்கு எங்களுக்கு அது என்ன தெரியும்? முழு ஜெபம் சொல்கிற வாய்க்குத் தண்ணீர் என்று சொல்ல வராதா, பிடிவாதம், ரெண்டு வைத்தால் சரியாகிவிடும் என்றாள் அந்த வயதான டீச்சர். நான் வைக்கவில்லை. ஆனால் மனதுக்குள் நானும் அப்படித்தான் நினைத்தேன்.

புரட்டாசியில் பெரிய மிசியம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. அக்காவுக்கு வாசிக்கத் தெரியாது, நான்தான் வாசித்துக் காட்டினேன். போர்டிங் என்பது படிக்கிற பிள்ளைகளுக்கானது. படிக்க முடியாத பிள்ளையை வைத்துக்கொள்ள வழியில்லை. வருஷப் பரீட்சையில் அவளையும் பார்ப்பேன். தேறவில்லையென்றால், வடக்கே வெகுதூரத்தில், ரயிலில் ஒரு பகலும் ஒரு இரவும் போகிற ஊரில், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்று ஒரு இல்லம் இருக்கிறது, அங்கே அனுப்பிவிடலாம். தாயின் வேலைக்கு ஒன்றும் ஆகாது, அவள் இங்கேயே இருக்கலாம். கடிதத்தில் ஒரு கடுஞ்சொல் கிடையாது. தாய்க்கு ஆறுதல்கூட எழுதியிருந்தார். அக்கா கடிதத்தை என் கையிலிருந்து வாங்கி, எழுத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

நான் சும்மா இருப்பேனா? நானாச்சு என்றேன். பிள்ளையைப் பரீட்சையில் தேற வைக்கிறேன், உங்களை விட்டுப் பிரியாமல் பார்த்துக்கொள்கிறேன் என்று கையைப் பிடித்துச் சொன்னேன். அக்கா என் காலில் விழப்போனாள். நான் தடுத்துவிட்டேன், ஆனால் உள்ளே குளிர்ந்துபோனது. அதையும் மறைப்பானேன்.

வழி எனக்குச் சுலபமாகத் தெரிந்தது. வினாவிடையை நாங்கள் எப்போதும் ராகம் போட்டுத்தான் சொல்லிக்கொடுப்போம். நான் பிரம்பால் மேஜையில் ஒரு தட்டுத் தட்டிக் கேள்வியை இழுத்துச் சொல்வேன், பிள்ளைகள் அதே இழுப்பில் பதிலைச் சொல்வார்கள். முதல் கேள்வி, இரண்டாவது, மூன்றாவது என்று எண் மாறாமல், வருஷத்துக்கு வருஷம் மாறாமல். இந்தப் பிள்ளைக்கு அந்த ராகம் பிடிபட்டது. பத்து நாளில் முதல் ஐந்து பதில்களைச் சொன்னாள். ஐப்பசி முடிவதற்குள் இருபது. பரீட்சையில் முதலில் விவரம் கேட்பார்களே என்று, வினாவிடைக்கு முன்னால் நானே நாலு கேள்வி சேர்த்துக்கொண்டேன், அதே ராகத்தில். உன் பெயர் என்ன? உன் தகப்பனார் எங்கே? பரலோகத்தில் இருக்கிறார். உன் ஊர் எது? உடன்குடி. உன் வயது என்ன? எட்டு. தட்டு, கேள்வி, பதில். தட்டு, கேள்வி, பதில். கேட்கிறவர்களுக்குப் பிள்ளை பேசுகிறாள் என்றே தோன்றும். உபதேசியார் கேட்டுவிட்டு என்னைப் பாராட்டினார்.

காலையில் பள்ளி தொடங்குவதற்கு முன்னால் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம். அவளுக்கு அலுத்தால் எனக்குக் கோபம் வரும். ஒருநாள் நடுவில் எழுந்து சமையற்கட்டுக்குப் போகப் பார்த்தாள் என்று, நடமாட்டம் இல்லாத அந்த வலது கையில் பிரம்பால் ஒன்று போட்டுவிட்டேன். வலித்ததோ இல்லையோ, அவள் பிரம்பைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அக்காவிடம் வேறொரு வழக்கம் இருந்தது. அடுப்படியில் பிள்ளையை எதிரே உட்காரவைத்து, ஒரு கையில் தண்ணீர்ச் செம்பையும் இன்னொரு கையில் மோர்க் கிண்ணத்தையும் தூக்கிப் பிடிப்பாள். கேட்க மாட்டாள். பிள்ளையின் முகத்தைப் பார்க்கக்கூட மாட்டாள், வேறெங்கோ பார்த்துக்கொண்டு நிற்பாள். கை வலிக்கும், சோறு கொதிக்கும், அப்படியே நிற்பாள். பிள்ளை கண்ணைக் காட்டும், சில நாள் கையை நீட்டும், எப்போதாவது தொண்டையில் ஏதோ ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்த நாளில் அக்காவின் முகத்தைப் பார்க்க வேண்டும். எனக்கு அது நேரத்தைக் கொட்டி வீணாக்குகிற மாதிரிப் பட்டது. பரீட்சைக்கு இன்னும் ஐந்து வாரம் இல்லை. ஒருநாள் பொறுக்கமாட்டாமல் கேட்டேவிட்டேன்.

"இப்படி வாயப் பாத்துக்கிட்டு நின்னா அவ எப்பக்கா பேசுவா? தண்ணின்னு நீங்க சொல்லிக் குடுங்க. அவ திருப்பிச் சொல்லட்டும்."

"சொல்லிக் குடுத்தா அது எம் பேச்சுல்லா டீச்சரம்மா," என்றாள் அக்கா, செம்பை இறக்காமலே. "அவ பேச்சு பைய வரட்டும்."

படிக்காதவளுக்கு என்ன தெரியும் என்று நினைத்தேன். அன்றிலிருந்து, பாடம் கலைந்துபோகும் என்று சொல்லி, பிள்ளையை மாலையில் சமையற்கட்டுக்கு விடவில்லை. பரீட்சை முடியட்டும், அப்புறம் பிள்ளை உங்களோடுதானே என்றேன். பிள்ளை கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயத்தில் அக்கா அதற்கும் தலையசைத்தாள்.

கார்த்திகையில் எனக்குச் சளி பிடித்தது. ஒரு காலை, ஏழாவது கேள்வியைக் கேட்டேன், அவள் பதில் சொன்னாள். இருமல் வந்து தொண்டையைச் செருமிவிட்டு, எண் தவறி ஒன்பதாவது கேள்வியைக் கேட்டுவிட்டேன். அவள் எட்டாவதின் பதிலைச் சொன்னாள். சளியில் எனக்குத்தான் சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி கேட்டேன். இப்போது ஒன்பதாவதின் பதில் வந்தது. பிரம்பால் தட்டிவிட்டு, உன் அம்மா என்ன சமைக்கிறாள் என்று கேட்டேன். பத்தாவது பதிலை ராகத்தோடு சொல்லிவிட்டு, சரிதானா என்று என் முகத்தைப் பார்த்தாள்.

கேள்வி அவளுக்குள் போகவே இல்லை. பதில்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்துக்கொண்டு வெளியே வருகின்றன, அவ்வளவுதான். இரண்டு மாதமாக நான் அவளைப் பேச வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்ததெல்லாம் இதுதான். அன்றைக்கே அக்காவிடம் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. ஊரெல்லாம் பாராட்டிய பிறகு எப்படிச் சொல்வது? பெரிய மிசியம்மா எத்தனையோ வருஷமாகப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு முதல் கேள்வியிலிருந்து வரிசையாகத்தான் கேட்கிறார், விவரமும் பெயர், தகப்பன், ஊர், வயது என்ற வரிசையில்தான் கேட்பார், வரிசை தப்பாத வரைக்கும் பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதன்பிறகு பரீட்சை நாள் வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. இருமல் வந்தால்கூட அடக்கிக்கொண்டுதான் பாடம் நடத்தினேன்.

பரீட்சையன்று வில்வண்டியிலிருந்து இறங்கியவர் பெரிய மிசியம்மா அல்ல. அவருக்கு உடம்புக்கு முடியவில்லையாம். சீமையிலிருந்து வந்து இரண்டு வருஷம்கூட ஆகாத ஒரு இளம் மிசியம்மாவை அனுப்பியிருந்தார். வெள்ளைக்காரர்களுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிற முன்ஷியிடமும் வேதப்புத்தகத்திலும் படித்த தமிழ் அவருடையது. பிள்ளைகளைப் பார்த்துச் சிரித்தார். வினாவிடைப் புத்தகத்தை எடுத்து நீட்டினேன். வாங்கி மேஜையில் வைத்துவிட்டு, முதலில் பிள்ளைகளோடு பழகிக்கொள்கிறேன் என்றார். புத்தகத்தை மறுபடி அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.

எங்கள் பிள்ளையின் முறை வந்தது. சமையற்கட்டு வாசலில் அக்கா நின்றாள், முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டு. மிசியம்மா பிள்ளையின் பெயரைக் கேட்டார். அவள் சொன்னாள், தெளிவாக. எனக்கு மூச்சு வந்தது. மிசியம்மா அக்காவை ஏற்கனவே விசாரித்து வைத்திருந்தார் போலிருக்கிறது, அன்பாகக் குனிந்து அடுத்த கேள்வியைக் கேட்டார்.

"உன் தாயார் எங்கே?"

"பரலோகத்தில் இருக்கிறார்," என்றாள் பிள்ளை, ராகத்தோடு.

பிள்ளைகள் கொல்லென்று சிரித்தார்கள். வாசலில் நின்ற அக்கா சிரிக்கவும் இல்லை, அசையவும் இல்லை. மிசியம்மாவுக்குக் குழப்பம். இன்று காலையில் நீ என்ன புசித்தாய் என்று கேட்டார். உடன்குடி என்றாள். சிரிப்பு இன்னும் பலத்தது. உனக்கு எங்கேயாவது வலிக்கிறதா மகளே என்றார். எட்டு என்றாள். அதற்குமேல் மிசியம்மா ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் பிள்ளை நிறுத்தவில்லை. என் முகத்தில் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்திருக்க வேண்டும், என்னையே பார்த்துக்கொண்டு, கேள்வி இல்லாமலே, முதல் பதில், இரண்டாம் பதில், மூன்றாம் பதில் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். ராகம் கெட்டு, மூச்சு வாங்கி, சொல்லிக்கொண்டே போனாள். பாவாடை நனைந்து தரையில் நீர் ஓடியது. சிரித்த பிள்ளைகள் அடங்கிவிட்டார்கள்.

அக்கா வந்து பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பயந்துவிட்டாள், மற்றபடி நன்றாகச் சொல்வாள் என்று நான் மிசியம்மாவிடம் வாய் கூசாமல் சொன்னேன். அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தாள். அவள் பார்த்ததில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் நான் தாங்கியிருப்பேன்.

முடிவு ஒரு வாரத்தில் கடிதமாக வந்தது. விடுமுறை முடிந்ததும் பிள்ளை இல்லத்துக்குப் போக வேண்டும். அதையும் நான்தான் வாசித்துக் காட்டினேன். அக்கா கேட்டுவிட்டு, பாத்திரத்தைத் துலக்கிக் கவிழ்த்தாள். மறுநாள் காலையில் பிள்ளையின் தலையை வாரி, இரண்டு புடவையையும் ஒரு செம்பையும் மூட்டை கட்டினாள். எங்கே போகிறீர்கள் என்றேன். உடன்குடிக்குப் பக்கத்தில் பதநீர் காய்ச்சுகிற அண்ணனின் விடிலிக்கு என்றாள். பனங்காட்டுக்குள் ஓலையால் வேய்ந்த குடிசை அது, அதற்குள் நாள் முழுக்க அடுப்பு எரியும், பாகு கொதிக்கும்.

எனக்கு வந்ததே கோபம். கொதிக்கிற சட்டிக்குப் பக்கத்தில், சுட்டால் கத்தத் தெரியாத, ஆபத்தென்றால் கூப்பிடத் தெரியாத பிள்ளையையா கொண்டுபோகிறீர்கள், அந்த இல்லத்தில் சோறும் மருந்துமாவது கிடைக்குமே, இத்தனை நாள் நான் பட்ட பாடு என்ன ஆவது என்று நாக்கைப் பிடுங்குகிற மாதிரிக் கேட்டேன். அக்கா மூட்டையைத் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அங்கன அவகிட்ட யாரும் கேள்வி கேக்கமாட்டாவ," என்றாள்.

அவள் போனபிறகு எனக்கு நிம்மதி இல்லை. மாசி பிறந்து பதநீர்க் காலம் தொடங்கியதிலிருந்து, உலை கொதிக்கிற சத்தம் கேட்டாலே அந்த விடிலிதான் நினைவுக்கு வரும். உடன்குடிக் கருப்பட்டி கொண்டுவருகிற வியாபாரிகளையெல்லாம் மறித்து விசாரிப்பேன். இப்படி ஒரு தாயும், பேச்சு வராத பெண்பிள்ளையும் என்று சொன்னால், பனங்காட்டில் எத்தனையோ விடிலி இருக்கிறது, யாரைக் கண்டோம் என்பார்கள். சித்திரையில் ஒரு கருப்பட்டிக்கார அண்ணாச்சி, மூட்டையை இறக்கிக்கொண்டே, ஏதோ ஒரு விடிலியில் ஒரு பிள்ளைமேல் பாகு கொட்டிவிட்டதாகக் கேள்விப்பட்டேன் என்றார். எந்த விடிலி, ஆணா பெண்ணா, பிழைத்ததா என்றால் அவருக்குத் தெரியவில்லை. அன்றைக்கே லீவு சொல்லிவிட்டு வண்டி பிடித்தேன்.

ஸ்ரீவைகுண்டம் வழியாக இரண்டு நாள். ஆற்றோரம் முடிந்து, தேரி என்கிற செம்மணல் மேடு தொடங்குகிற வரைக்கும் நான் ஒரு வாய் சாப்பிடவில்லை. அந்தப் பிள்ளை கொதிக்கிற சட்டிக்கருகே நின்று, வெந்துபோன கையோடு, உதவிக்கு ஆளைக் கூப்பிட வாயைத் திறந்து, என் வினாவிடையைச் சொல்வதாகவே என் மனம் படம் போட்டுக்கொண்டிருந்தது. வேறு யாரும் இல்லாத காட்டில் அவள் பெயர், பரலோகம், உடன்குடி, எட்டு என்று சொல்கிறாள். ஆண்டவரே, அது வேறு பிள்ளையாக இருக்கட்டும் என்று ஜெபித்தேன். வேறொரு தாயின் பிள்ளைக்குக் கேடு நினைக்கிறோமே என்றுகூட அப்போது உறைக்கவில்லை. மடியில் ஒரு பை இருந்தது. அதில் பிள்ளைக்குப் பாவாடைத் துணியும் சீனி மிட்டாயும் ஒரு சிலேட்டும் வைத்திருந்தேன். வினாவிடைப் புத்தகத்தையும் வைத்திருந்தேன். புத்தி எங்கே போகும்?

விசாரித்து விசாரித்து, மத்தியானத்தில் அந்த விடிலியைக் கண்டுபிடித்தேன். வண்டியைத் தள்ளி நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்தேன். ஓலை வேலிக்கு உள்ளே, அடுப்பில் அக்கா பாகு கிண்டிக்கொண்டிருந்தாள். எட்டத்தில், அடுப்பின் சூடு படாத நிழலில், பிள்ளை உட்கார்ந்திருந்தாள். கருப்பட்டி ஊற்றுவதற்கான தேங்காய்ச் சிரட்டைகளைத் தண்ணீரில் நனைத்து, இடது கையால் ஒவ்வொன்றாக மணலில் வரிசை வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையிலும் சுட்ட காயம் இல்லை. முகத்தில் ஒரு தழும்பில்லை. சதை பிடித்திருந்தாள். பக்கத்திலிருந்த ஒரு பனையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அப்புறம் உள்ளே போனேன். என் கண்ணே என்று கையை நீட்டிக்கொண்டு போனேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த சிரட்டை விழுந்தது. எழுந்து நின்றாள், நடமாட்டமில்லாத வலது கையை இடது கையால் பிடித்து நெஞ்சோடு கட்டிக்கொண்டாள், தொடங்கிவிட்டாள். பெயர். பரலோகத்தில் இருக்கிறார். உடன்குடி. எட்டு. அவளுக்கு அப்போது ஒன்பது வயது முடிந்திருந்தது. வேண்டாம் கண்ணு, வேண்டாம் என்றேன். என் குரல் கேட்கக் கேட்க இன்னும் வேகமாகச் சொன்னாள். கண் என் கையிலே இருந்தது, அதில் பிரம்பு இருக்கிறதா என்று.

அக்கா அகப்பையைப் போட்டுவிட்டு வந்து எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றாள். என்னைப் பார்த்து வாங்க என்று சொல்லவில்லை.

"கோவிச்சுக்கிடாதிய டீச்சரம்மா," என்றாள் தணிந்த குரலில். "இப்பதான் கொஞ்சம் தேறி வருதா. ஒங்களப் பாத்தா பயப்படுதா. நீங்க போயிருங்க."

பையை மணலில் வைத்தேன். புத்தகத்தை மட்டும் அதிலிருந்து எடுத்துக்கொண்டேன். அக்காவிடம் சொல்வதற்கு வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தது ஒன்றும் வாயில் வரவில்லை. எனக்கு, வாய்க்குப் பேர்போனவளுக்கு. வேலியைச் சுற்றி வந்து, ஓலைக்கு இந்தப் பக்கம், கண்ணைத் துடைத்துக்கொள்ள ஒரு நிமிஷம் நின்றேன். உள்ளே பதில்கள் மெல்ல ஓய்ந்தன. அக்கா ஒன்றும் சொல்லவில்லை. சமாதானப்படுத்தவில்லை, அழாதே என்றுகூடச் சொல்லவில்லை. சும்மா இருந்தாள். பாகு கொதிக்கிற சத்தம் மட்டும் கேட்டது. வெகுநேரம் கழித்து, கரகரத்த ஒரு சின்னக் குரல், ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி, ராகம் இல்லாமல் கேட்டது.

"போயிட்டாவளா?"

எந்த வரிசையிலும் இல்லாத கேள்வி. யாரும் சொல்லிக்கொடுக்காதது. அப்படி அவளுடைய சொந்தப் பேச்சு ஒன்றைக் காதால் கேட்கத்தான் நான் அத்தனை மாதம் அந்தப் பிள்ளையைப் போட்டு வதைத்தேன். ஓடிப்போய் அவளைத் தூக்கிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

"போயிட்டாவ," என்றாள் அக்கா.

அவள் சொன்னது பொய்யாகிவிடக் கூடாதே என்று, செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, சுடுமணலில் சத்தம் வராமல் வண்டிக்கு நடந்தேன்.